பைசாந்திய ஏடுகளில் ஸ்லாவியர்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்லாவிய மக்களின் பழைய வாழ்க்கையைத் தேடிப் படிக்கிற எவரும் முதலில் போய் நிற்கும் இடம் புரோகோப்பியஸ். பைசாந்தியம் என்று இன்று நாம் சொல்லும் கிழக்கு ரோமப் பேரரசை ஆண்ட ஜஸ்டினியனின் தளபதி பெலிசாரியஸுக்குச் செயலராக இருந்தவர். 6ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர் எழுதிய போர் வரலாற்றில், டான்யூப் ஆற்றுக்கு அப்பால் வாழ்ந்த ஸ்க்ளாவேனியர் (ஸ்லாவியருக்கு அவர் தரும் பெயர்), அவர்களையொத்த அந்தேயர் என்ற இரு கூட்டத்தாரைப் பற்றிச் சில பத்திகள் வருகின்றன. இவர்களை ஒரே ஆள் ஆளுவதில்லை. மின்னலைப் படைத்த ஒரு கடவுளே எல்லாவற்றுக்கும் தலைவன் என்று நம்பி அவனுக்கு மாடுகளைப் பலியிடுகிறார்கள். ஆறுகளையும் நீரணங்குகளையும் வணங்குகிறார்கள். ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருக்கும் எளிய குடிசைகளில் வாழ்கிறார்கள். சிலர் மேலே ஒரு சட்டைகூட இல்லாமல் போருக்கு வருகிறார்கள். இதுதான் அவர் தரும் சித்திரம்.

இதுவும் அடுத்தடுத்து வந்த சில நூல்களும்தான் நம் கையில் இருக்கும் எழுத்துச் சான்று. அந்தக் காலத்து ஸ்லாவியர் தம்மைப் பற்றி ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. சிரில், மெத்தோடியஸ் என்ற சகோதரர்கள் 863 வாக்கில் மொராவியாவுக்குப் புறப்பட்டபோதுதான் அவர்கள் மொழிக்கென்று ஓர் எழுத்து உருவானது. அதற்கு முந்தைய முந்நூறு ஆண்டுகளும் அவர்களைப் பற்றிப் பேசியவர்கள் மற்றவர்கள்தாம், பெரும்பாலும் அவர்களோடு போரிட்டவர்கள். நாம் தவறாகப் படித்துவிட்டால் மறுத்துச் சொல்ல அவர்கள் பக்கம் ஓர் ஏடும் கிடையாது. அதனால்தான் இந்த ஏடுகளை நிதானமாகப் படிக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லத் தோன்றுகிறது.

நானூறு ஆண்டுகளை ஒரே படமாக ஒட்டுவது

எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு இதுதான். புரோகோப்பியஸிடமிருந்து மின்னல் கடவுள், ஏழாம் கான்ஸ்டன்டைனிடமிருந்து ஓக் மரத்தடியில் சேவல் பலி, 10ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் லியோ டீக்கனிடமிருந்து நிலவொளியில் பிணம் எரிக்கும் காட்சி என்று எடுத்துச் சேர்த்து, மேலே ‘பழங்கால ஸ்லாவியர் வழக்கங்கள்’ என்று தலைப்பு வைத்துவிடுகிறார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி வாழ்ந்த ஒரு மக்கள் கூட்டம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அந்தச் சேவல் பலியையே எடுத்துக்கொள்வோம். பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் 950ஐ ஒட்டி, தன் மகனுக்கு அரசாட்சி சொல்லித்தரும் நூலொன்றைத் தொகுத்தார். கீவ் பகுதியிலிருந்து ரூஸ் வணிகர்கள் (ரூஸ்கள் வடக்கிலிருந்து வந்து அங்கே ஆண்டவர்கள்) நீப்பர் ஆறு வழியாகக் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு வரும் பயணம் அதில் இருக்கிறது. ஆற்றின் பாறைத் தடைகளைத் தாண்டிய பிறகு ஒரு தீவில் இறங்கி, அங்குள்ள பெரிய ஓக் மரத்தடியில் சேவல்களைப் பலியிடுகிறார்கள். அந்தப் பலியைக் கொடுப்பவர்கள் ரூஸ்கள். கான்ஸ்டன்டைன் அவர்களையும் ஸ்லாவியரையும் ஒன்றாகக் குழப்பவில்லை. பாறைத் தடைகளின் பெயர்களை ரூஸ் மொழியில் ஒன்று, ஸ்லாவிய மொழியில் ஒன்று என்று தனித்தனியே தருகிறார். ரூஸ் பெயர்கள் ஸ்காண்டிநேவிய மொழிச் சொற்கள் என்பது பார்த்தாலே தெரியும். ஸ்லாவியர் அவர்களுக்குத் திறை கட்டுபவர்களாகவும், படகு செய்ய மரம் குடைந்து விற்பவர்களாகவும் வருகிறார்கள். அவர் அக்கறையாகப் பிரித்து வைத்ததை நாம் ஏன் ஒட்ட வேண்டும்?

லியோ டீக்கன் சொல்வதும் 971இல் டான்யூப் கரையிலிருந்த டொரோஸ்டோலோன் நகரின் முற்றுகையின்போது ரூஸ் தலைவன் ஸ்வியாதோஸ்லாவின் படையினர் செய்தது. அந்தப் படையில் ஸ்லாவியரும் இருந்திருப்பார்கள், வடக்கிலிருந்து வந்தவர்களும் இருந்திருப்பார்கள். அதை அப்படியே பின்னால் தள்ளி, நானூறு ஆண்டுகளுக்கு முன் டான்யூப் கரையில் தினை விதைத்தவர்கள்மீது போர்த்த முடியாது.

இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கலும் உண்டு. 900ஐ ஒட்டி ஆறாம் லியோ பேரரசர் எழுதிய போர்க்கலை நூலிலும் ஸ்லாவியர் பற்றிய பகுதி வருகிறது. விருந்தோம்பல், சுதந்திர வேட்கை, கைதிகளை நடத்தும் முறை எல்லாம் அதில் இருக்கின்றன. இரண்டு நூல்கள் ஒன்றையே சொல்கின்றனவே, அப்படியானால் உறுதிதான் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் லியோ தனக்கு முந்நூறு ஆண்டு மூத்த ஒரு நூலைப் பார்த்துத்தான் எழுதினார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் படியெடுத்தால் அது இரண்டு சாட்சி ஆகாது. லியோவிடம் புதிதாக இருப்பது, தன் தந்தை முதலாம் பாசில் ஸ்லாவியரைக் கிறிஸ்தவராக்கிப் பேரரசின் ஆட்சிக்குள் கொண்டுவந்தார் என்று சொல்லும் இடம். அவர் காலத்துச் செய்தி அதுதான்.

அந்த மூத்த நூல் எதற்காக எழுதப்பட்டது?

ஸ்ட்ராட்டெகிகோன் என்பது அதன் பெயர். 600ஐ ஒட்டியது, பேரரசர் மாரிஸ் எழுதியதாகச் சொல்வது வழக்கம். அது படைத்தலைவர்களுக்கான கையேடு. ஒவ்வொரு எதிரியையும் எப்படி வெல்வது என்று சொல்லிக்கொண்டே வரும்போது, பதினோராம் பகுதியில் ஸ்லாவியரும் அந்தேயரும் வருகிறார்கள். இதை மறந்துவிட்டு, நாட்டார் வழக்காற்றியல் நூலைப் படிப்பதுபோல் படிப்பது இரண்டாவது பெரிய தவறு.

வீடுகளுக்குப் பல வாசல்கள் வைத்திருக்கிறார்கள், விலையுள்ள பொருள்களைப் புதைத்து வைக்கிறார்கள், துளையுள்ள நாணலை வாயில் வைத்துக்கொண்டு நீருக்கடியில் மணிக்கணக்கில் மறைந்திருக்கிறார்கள் என்று அந்நூல் எழுதுகிறது. அவர்கள் அன்றாடம் இப்படித்தான் வாழ்ந்தார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. எரித்துக்கொண்டும் கொள்ளையடித்துக்கொண்டும் படை வரும் எல்லைப் பகுதியில் மனிதர்கள் எப்படி நடந்துகொண்டார்களோ அதுதான் பதிவாகியிருக்கிறது. அதே நூல் அடுத்து என்ன ஆலோசனை சொல்கிறது பாருங்கள்: குளிர்காலத்தில் தாக்கு, மரங்கள் இலையுதிர்ந்து நிற்கும்போது ஒளிய இடமிருக்காது, பனியில் கால்தடம் காட்டிக்கொடுக்கும், ஆறு உறைந்திருப்பதால் எளிதாகக் கடக்கலாம். அந்த வரியைப் படித்துவிட்டுத் திரும்பிப் பல வாசல் வைத்த வீட்டை நினைத்தால் மனம் கனக்கிறது.

கையேடுதானே என்று எல்லாவற்றையும் தள்ளுவதும் சரியில்லை. கைதிகளைப் பற்றிய வரி எனக்கு முக்கியமாகப் படுகிறது. மற்ற இனத்தார்போல் கைதிகளைக் காலமெல்லாம் அடிமையாக வைப்பதில்லை. ஒரு கால அளவு குறிக்கிறார்கள். அது முடிந்ததும் பணம் கொடுத்து ஊருக்குத் திரும்பலாம், அல்லது அங்கேயே சுதந்திரமானவனாக, நண்பனாக இருந்துகொள்ளலாம் என்கிறது நூல். எதிரியை உயர்த்திச் சொல்ல அந்த ஆசிரியருக்கு எந்தக் காரணமும் இல்லை. அதுமட்டுமல்ல, அதே பகுதியில் இன்னோர் எச்சரிக்கை இருக்கிறது: அங்கே போய்ச் சேர்ந்த ரோமர்களை, அதாவது நம் பேரரசின் மக்களை, வழிகாட்டியாக நம்பாதே, அவர்கள் சொந்த மக்களை மறந்து எதிரியின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை பொருந்துகிறது. அங்கேயே தங்கிவிட்ட கைதிகள் உண்மையிலேயே இருந்தார்கள், படைத்தலைமைக்கு அது தலைவலியாகவும் இருந்தது. ஒரு வழக்கத்தைப் பற்றிய செய்தியை இப்படித்தான் சோதிக்க வேண்டும்.

தமிழில் எழுதும்போது வழுக்கும் சொற்கள்

ஸ்லாவியர் ‘தெமோக்ராதியா’வில் வாழ்கிறார்கள் என்பது புரோகோப்பியஸின் சொல். அதை ‘ஜனநாயகம்’ என்று எழுதியவுடன் வாக்குப்பெட்டி கண்ணில் தெரிகிறது. 6ஆம் நூற்றாண்டுக் கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு நல்ல மணம் இல்லை. கூட்டத்தின் கலகத்தைக் குறிக்கவும் அதைப் பயன்படுத்தினார்கள். பேரரசன் ஒருவன்கீழ் வாழ்வதையே ஒழுங்கு என்று கருதிய ஒருவர், தலைவனில்லாத மக்களைப் பார்த்துச் சொன்னது அது. ஸ்ட்ராட்டெகிகோன் இதையே தலைமையற்றவர்கள், ஒருவரையொருவர் வெறுப்பவர்கள் என்று சொல்கிறது. ஆனால் அதே நூல் இவர்களிடம் அரசர்கள் பலர் உண்டு, அவர்களில் சிலருக்குப் பரிசு கொடுத்து நம் பக்கம் இழு என்றும் சொல்லித்தருகிறது. ஆகவே தலைவர்கள் இருந்தார்கள்; எல்லோருக்கும் மேலான ஒருவர் இல்லை. ‘பொதுவில் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள், ஒருவன் ஆட்சி இல்லை’ என்று விரித்து எழுதிவிட்டால் போதும்.

அடுத்தது மின்னல் கடவுள். ‘புரோகோப்பியஸ் குறிப்பிடும் பெரூன்’ என்று சாதாரணமாக எழுதிவிடுகிறோம். அவர் எந்தப் பெயரும் குறிப்பிடவில்லை. பெரூன் என்ற பெயர் நமக்குக் கிடைப்பது 12ஆம் நூற்றாண்டில் கீவில் தொகுக்கப்பட்ட ஆண்டுக்குறிப்பில். இரண்டும் ஒரே தெய்வமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த இணைப்பு நாம் செய்வது, அதைப் புரோகோப்பியஸ் வாயில் வைக்கக் கூடாது. அவர் இன்னொன்றும் சொல்கிறார்: இவர்களுக்கு விதி என்பதே தெரியாது, ஆனால் நோயிலோ போரிலோ சாவு நெருங்கினால், பிழைத்தால் பலி தருகிறேன் என்று கடவுளிடம் நேர்ந்துகொள்கிறார்கள், பிழைத்ததும் அதைச் செலுத்துகிறார்கள். ‘நேர்ந்துகொள்வது’ இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. ‘விதி’யில்தான் கவனம் வேண்டும், அவர் மனதில் இருந்தது கிரேக்கத் தத்துவம் பேசிய விதி, நம் ஊழ் அல்ல.

மூன்றாவது, விதவைகள். கணவன் இறந்தால் அதைத் தங்கள் சாவாகவே கருதிப் பெண்கள் பலர் தங்களையே மூச்சடைத்து மாய்த்துக்கொள்கிறார்கள் என்கிறது ஸ்ட்ராட்டெகிகோன். இதை ‘உடன்கட்டை ஏறினார்கள்’ என்று எழுதுவது பெரும்பிழை. கட்டையும் இல்லை, தீயும் இல்லை. பெண்களின் கற்பைப் புகழும் வரியோடு சேர்ந்துதான் இது வருகிறது, அதையும் கவனிக்க வேண்டும். எத்தனை பேர், எந்த ஊரில், யார் கட்டாயத்தால் என்ற எதையும் அந்த வரி சொல்லவில்லை. ஒரு பெண்ணின் சாவை நமக்குப் பழகிய சொல்லுக்குள் போட்டு மூடிவிடுவது அவளுக்குச் செய்யும் அநியாயம்.

‘ஸ்லாவ்’ என்ற பெயரே அடிமை என்ற பொருளிலிருந்து வந்தது என்பதும் அடிக்கடி காதில் விழுகிறது. நடந்தது தலைகீழ். மக்கள் பெயர் முதலில் இருந்தது. பிற்கால அடிமை வணிகத்தில் அந்தப் பெயர் பல மேற்கு ஐரோப்பிய மொழிகளில் அடிமைக்கான சொல்லாகிவிட்டது.

பழைய அச்சில் வார்த்தது

பைசாந்திய எழுத்தாளர்கள் பழைய கிரேக்க நூல்களில் ஊறியவர்கள். புது மக்களைக் கண்டாலும் பழைய பெயரும் பழைய வருணனையும் கைக்கு வந்துவிடும். 7ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் தியோஃபிலாக்ட் சிமோகாட்டா ஸ்லாவியரை, டான்யூப் பகுதியின் பழைய மக்கள் பெயரால், ‘கேட்டே’ என்கிறார். லியோ டீக்கன் ரூஸ்களை, பழைய புல்வெளி நாடோடிகளின் பெயரால், ‘சித்தியர்’ என்கிறார். இடம்மாறிக்கொண்டே இருப்பவர்கள், மசகேத்தியர் என்ற நாடோடிகளைப்போல் அழுக்கோடு வாழ்பவர்கள் என்று புரோகோப்பியஸ் சொல்வதும் பழைய நாடோடி வருணனையின் சாயல்தான். இதை நம்பி ‘ஸ்லாவிய நாடோடிகள்’ என்று எழுதுகிறவர்கள், ஸ்ட்ராட்டெகிகோன் சொல்லும் தானியக் குவியல்களை மறந்துவிடுகிறார்கள். இவர்களிடம் கால்நடையும் விளைச்சலும் நிறைய உண்டு, அதிலும் சிறுதானியம் குவிந்து கிடக்கிறது என்கிறது அந்நூல். மூலச் சொற்களைப் பனிவரகு, தினை என்றே பெரும்பாலும் பொருள்கொள்கிறார்கள். அகழாய்வில் கிடைப்பவையும் தரைக்குள் பாதி இறங்கிய, மூலையில் கல்லடுப்பு வைத்த சிறு வீடுகள். மண் களைத்ததும் வேறு நிலம் தேடிப் போன உழவர்களாக இருக்கலாம். நாடோடிகள் அல்ல.

புரோகோப்பியஸின் ஒரே பத்தியோடு நிறுத்திவிட்டால் இன்னொரு பிழையும் வரும். பெரும்பாலோர் நடந்தே போரிடுகிறார்கள் என்று அந்தப் பத்தியில் சொல்லும் புரோகோப்பியஸே, 537இல் ரோம் நகருக்கு உதவியாக வந்த 1600 குதிரைவீரர்களில் பெரும்பாலோர் ஹூணர், ஸ்க்ளாவேனியர், அந்தேயர் என்று வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறார்.

கொடுமைக் கதைகளுக்கு வருவோம். போலி சிசேரியஸ் என்று நாம் அழைக்கும் 6ஆம் நூற்றாண்டு ஆசிரியர், ஸ்க்ளாவேனியர் பால் சுரக்கும் மார்பகங்களைத் தின்பவர்கள், குழந்தைகளைப் பாறையில் அறைபவர்கள் என்று எழுதினார். ஆனால் அது இறையியல் வாதம் செய்யும் நூல். பிறந்த இடமும் விண்மீனும் மனிதர் குணத்தை முடிவு செய்வதில்லை என்று காட்ட, ஒரே ஆற்றங்கரையில் ஒரு சாந்தமான கூட்டமும் ஒரு கொடிய கூட்டமும் அவருக்குத் தேவைப்பட்டன.

புகழ்ச்சியையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். மாரிஸ் பேரரசரின் காலத்தில் திரேஸ் பகுதியில் ஆயுதம் எதுவும் இல்லாமல் யாழ் மட்டும் வைத்திருந்த மூன்று ஸ்லாவியர் பிடிபட்டதாகத் தியோஃபிலாக்ட் சொல்கிறார். தாங்கள் மேற்குப் பெருங்கடல் ஓரத்திலிருந்து வருவதாகவும், தங்கள் நாட்டில் இரும்பே தெரியாது, அதனால் சண்டையின்றி வாழ்வதாகவும், ரோமரின் செல்வத்தையும் கருணையையும் கேள்விப்பட்டுத் தேடி வந்ததாகவும் அவர்கள் கூறினார்களாம். 19ஆம் நூற்றாண்டில் ‘அமைதியே உருவான ஸ்லாவியர்’ என்று எழுதியவர்களுக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துப்போனது. ஆனால் ஸ்லாவியக் குடியிருப்புகளில் இரும்புக் கத்திகள் கிடைக்கின்றன. ரோமரின் கருணையைப் புகழும் அந்த வாக்கியம் யார் காதுக்கு இனிமையாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கடைசியாக, தலைநகரில் எழுதப்பட்டதை மட்டுமே படிப்பதும் ஒரு குறை. ஏஜியன் கடற்கரை நகரான தெசலோனிக்காவில் எழுதப்பட்ட புனித தெமெத்ரியஸின் அற்புதங்கள் என்ற தொகுப்பு, ஸ்லாவியரைப் பக்கத்து ஊர்க்காரர்களாகப் பார்த்தவர்களின் எழுத்து. நகரத்தை முற்றுகையிடும் கூட்டங்கள் அதில் வருகின்றன; முற்றுகைக் காலத்திலேயே நகர மக்களுக்கு உணவுப்பொருள் விற்ற வேலெகெசித்தியர் என்ற ஸ்லாவியக் கூட்டமும் வருகிறது. 7ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெர்புந்த் என்ற ஸ்லாவியத் தலைவனைப் பேரரசன் சிறைப்பிடித்துக் கான்ஸ்டாண்டிநோபிளுக்குக் கொண்டுபோனபோது, அவனை விடுவிக்கக் கேட்டுத் தெசலோனிக்கா மக்களும் ஸ்லாவியரும் சேர்ந்தே தூது அனுப்பினார்கள். அவன் ரோமர் உடை உடுத்திக் கிரேக்கம் பேசுபவன். அதனால்தான் காவலிலிருந்து தப்பித் தலைநகரின் வாசலைத் தாண்டி அவன் நடந்து வெளியேறியபோது அவனை ஸ்லாவியன் என்று யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.