நாவலும் ஆய்வும் ஒரே மேசையில்

பிரிட்டனில் படைப்பெழுத்தில் பிஎச்.டி. செய்கிறீர்களா? பல பல்கலைக்கழகங்களில் ஆய்வேடு மொத்தம் 80,000 முதல் 1,00,000 சொற்கள் வரை. நாவல் என்றால் பெரும்பங்கு அதற்கு, மீதி விமர்சன ஆய்வுக்கு. நாவலை முடித்துவிட்டு ஆய்வைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள், நான் அப்படிச் செய்து மூன்றாம் ஆண்டில், தன்மையில் எழுதிய கதையை ஏன் படர்க்கைக்கு மாற்றினேன் என்பதே மறந்துபோய் பழைய வரைவுகளைத் தோண்டிக்கொண்டிருந்தேன். முதல் மாதமே ஒரு நோட்டு போடுங்கள். எங்கே திணறினீர்கள், எதை வெட்டினீர்கள், அன்று யாரைப் படித்தீர்கள் என்று தேதியோடு இரண்டு வரி போதும். ஆய்வுக் கேள்வி பெரும்பாலும் அந்தத் திணறலில்தான் கிடைக்கும். அப்புறம், ஆய்வுப் பகுதியில் உங்கள் நாவலுக்கே உரை எழுதாதீர்கள், அதே சிக்கலை மற்ற எழுத்தாளர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்று பாருங்கள். வாய்மொழித் தேர்வில் இரண்டையும் சேர்த்துத்தான் கேட்பார்கள்.