தேக்கா அலுவலகம், துவாஸ் கிடங்கு: நெட்வொர்க் கன்ஃபிக்கை அடுக்கடுக்காகப் பராமரிப்பது

சிங்கப்பூரில் தேக்காவில் அலுவலகம், துவாஸில் கிடங்கு, இரண்டுக்கும் நடுவே வயர்கார்டு விபிஎன் (இணையத்தின் மேல் ஓடும் என்கிரிப்ட் செய்த தனி இணைப்பு, அதாவது டனல்) என்று வைத்துக்கொள்வோம். எல்லா செட்டிங்கையும் ஒரே கோப்பில் கொட்டி வைக்காதீர்கள். சுவிட்ச் போர்ட்டும் விலானும் (ஒரே சுவிட்சில் பிரித்து வைக்கும் தனித்தனி நெட்வொர்க்) ஒரு கோப்பு. ஐபி, கேட்வே, டிஎன்எஸ் இன்னொன்று. விபிஎன்னும் ஃபயர்வாலும் மூன்றாவது. ஒரு நேரத்தில் ஒரு கோப்பில் மட்டும் கை வையுங்கள். ஏதாவது நின்றுபோனால் எங்கே தேடுவது என்று உடனே தெரியும். சோதனை எப்போதும் கீழ் அடுக்கான சுவிட்ச், விலானிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

விலான் அடுக்கில் அடிக்கடி நடக்கும் விபத்து ஒன்று. சிஸ்கோ சுவிட்சின் டிரங்க் போர்ட்டில் (பல விலான்களைச் சேர்த்துக் கடத்தும் போர்ட்) விலான் 10, 20 ஏற்கெனவே ஓடுகின்றன. புதிதாக 30 வேண்டும். கட்டளையில் ‘ஆட்’ என்ற சொல்லை விட்டுவிட்டு 30 என்று மட்டும் கொடுத்தால், பழைய பட்டியல் அழிந்து 30 மட்டுமே மிஞ்சும். 10, 20-இல் இருப்பவர்கள் எல்லாரும் அந்த நொடியே துண்டிக்கப்படுவார்கள்.

அதிகம் படுத்துவது எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. பிங் போகிறது, சின்னப் பக்கங்கள் திறக்கின்றன, ஆனால் பெரிய பிடிஎஃப் மட்டும் பாதியில் தொங்குகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள். ஈதர்நெட்டுக்கு 1500 பைட். வயர்கார்டு தன் பங்குக்கு ஐபிவி4 வழியில் 60, ஐபிவி6 வழியில் 80 எடுத்துக்கொள்ளும். பெரியதைக் கழித்து 1420 என்று இரு முனையிலும் ஒரே எண்ணை வையுங்கள். டனலுக்குள் ஓடும் ஐபிவி4 இணைப்புகளுக்கு டிசிபி எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் தலைப்புகள் போக மிஞ்சும் தரவின் அளவு) இன்னும் 40 குறைந்து 1380. சரிபார்க்க, துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1392 பைட் பிங் அனுப்புங்கள். தலைப்புகளின் 28 சேர்ந்து சரியாக 1420 ஆகும். 1393 போகக் கூடாது. பாதுகாப்பு என்று நினைத்து, பிங்கும் பிழைத் தகவலும் போகும் ஐசிஎம்பி முழுவதையும் ஃபயர்வாலில் அடைத்துவிடாதீர்கள்; ‘பாக்கெட் பெரிது’ என்ற தகவல் அதில்தான் திரும்பி வருகிறது.

தொலைவிலிருந்து மாற்றும்போது திரும்பும் வழியை முதலிலேயே போட்டு வையுங்கள். உபுண்டு லினக்ஸில் ‘நெட்பிளான் டிரை’ என்ற கட்டளை கொடுத்தால், 120 வினாடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பும். சிஸ்கோவில் நல்ல கன்ஃபிக்கை முதலில் சேமியுங்கள், பிறகு 10 நிமிடத்தில் ரீலோடு ஆகும்படி (மறுதொடங்கி, சேமித்ததற்கே திரும்பும்படி) வையுங்கள், அதன் பிறகே மாற்றுங்கள். சரியாக ஓடினால் ரீலோடை ரத்து செய்துவிட்டுச் சேமியுங்கள். இதைச் செய்யாமல் இணைப்பு அறுந்தால், துவாஸ் லிங்க் வரை எம்ஆர்டியில் போய்த்தான் ஆக வேண்டும்.

லினக்ஸில் இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜரின் புரொஃபைலை பேக்கப்பிலிருந்து மீட்டால், கோப்பின் உரிமையாளர் ரூட்டாகவும் (நிர்வாகிக் கணக்கு) அனுமதி 600 ஆகவும் (உரிமையாளர் மட்டுமே படிக்க, எழுத முடியும்) இருக்கிறதா பாருங்கள். அனுமதி தளர்ந்திருந்தால் அந்தக் கோப்பை நெட்வொர்க்மேனேஜர் ஏற்காது. வைஃபை கடவுச்சொல்லும் விபிஎன் தனிச்சாவியும் அதற்குள்ளேயே இருக்கும். ஆகவே பேக்கப்பை என்கிரிப்ட் செய்து வையுங்கள். எல்லாரும் திறக்கும் டிரைவில் போடாதீர்கள்.