அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) மூடினால் சொந்தத் தொழிலுக்கு மானியக் கடன்

முந்திரி ஆலையில் ஆட்குறைப்பா? முதலில் சேர வேண்டியதை வாங்குங்கள்: ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்து, நாகர்கோவிலில் கோணம் பகுதியிலுள்ள மாவட்ட தொழில் மையம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்களுக்குச் சொந்தப் பங்கு 5 சதவீதம்தான். மானியம் கிராமப்புறத்தில் 35 சதவீதம், நகர்ப்புறத்தில் 25 சதவீதம். முந்திரிப்பருப்பை வறுத்துப் பாக்கெட் போடும் தொழிலுக்கு 4 லட்சம் என்று வையுங்கள். கிராமத்தில் உங்கள் பங்கு 20,000, வங்கி தருவது 3,80,000, மானியம் 1,40,000. மானியம் கைக்கு வராது. மூன்று ஆண்டு வங்கியில் வைப்பாகக் கிடக்கும், அந்த அளவு கடனுக்கு வட்டியில்லை. இடையில் கடையைச் சாத்தினால் அதுவும் போச்சு.

பலர் சறுக்குவது கடனுக்காகக் கொடுக்கும் திட்ட அறிக்கையில். பணம் முழுவதையும் இயந்திரத்தில் போட்டுவிட்டு, பருப்பு வாங்கக் காசில்லாமல் நிற்பார்கள். நடைமுறை மூலதனத்தையும் அதிலேயே எழுதுங்கள். இயந்திரம் விற்பவர் தரும் விலைப்புள்ளியில் (கொட்டேஷன்) மாடல், ஜிஎஸ்டி எண், விலை தெளிவாக இருக்கட்டும். கடன் அனுமதிக்கு முன்பே இயந்திரத்தை இறக்காதீர்கள். ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்கு இந்த மானியம் கிடையாது. குடும்பத்தில் ஒருவருக்குத்தான்.

10 லட்சம் வரை வங்கி அடமானம் கேட்கக் கூடாது. விண்ணப்பம் ஆன்லைனில், இலவசம். 'நான் முடித்துத் தாறேன்' என்று வரும் புரோக்கருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினால் போதும்.