பழைய லேப்டாப்பில் ரா ஃபைல் எடிட் செய்ய: காசை எதில் போடலாம்?

எட்டாம் தலைமுறை கோர் ஐ5, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். 2018 வாக்கில் வாங்கிய லேப்டாப் பல இப்படித்தான் இருக்கும். ஒரு கல்யாணத்தின் ஆயிரம் ரா ஃபைலை (கேமரா சுருக்காமல், மெருகேற்றாமல் தரும் படம்) லைட்ரூம் கிளாசிக் என்ற எடிட்டிங் மென்பொருளில் ஏற்றினால் மூச்சு வாங்கும். உடனே ரேம் வாங்க ஓடாதீர்கள். மூச்சு வாங்குவது எது என்று முதலில் பாருங்கள்.

வழக்கமான எடிட்டிங்கைச் செய்துகொண்டே டாஸ்க் மேனேஜரில் பர்ஃபார்மன்ஸ் பக்கத்தைக் கவனியுங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, டிஸ்க்கும் 100-ஐத் தொட்டால் ரேம் போதவில்லை. விண்டோஸ் இடமில்லாமல் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கிறது. மெமரி பாதியில் இருக்கும்போதே டிஸ்க் 100 என்றால் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். சிபியு மட்டும் 100-இல் நின்றால் ரேமும் எஸ்எஸ்டியும் (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) பெரிதாக உதவாது. அதன் வேகம் அங்கேயே காட்டும் 'பேஸ் ஸ்பீடு'க்குக் கீழே இறங்குகிறதென்றால் சூடுதான் பிரச்சினை. ஃபேன் தூசியைச் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் (சிபியுவின் சூட்டை வெளியே கடத்தும் பசை) மாற்றுவது எல்லாவற்றையும்விட மலிவான அப்கிரேடு.

ஹார்ட் டிஸ்க் இருக்கும் மெஷினில் முதல் செலவு எஸ்எஸ்டிக்கே. 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி வினாடிக்கு 550 எம்பி வரை படிக்கும். 5400 ஆர்பிஎம் டிஸ்க் 100 சொச்சம்தான். எம்.2 ஸ்லாட் (சிறு பட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான இடம்) இருந்தால் அதில் போடலாம், ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சில லேப்டாப்பில் அந்த ஸ்லாட் சாட்டா மட்டுமே ஏற்கும். சாட்டாவைவிட வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி அதில் கச்சிதமாக உட்காரும், ஆனால் பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை) தெரியாது. மாடல் எண்ணைப் போட்டு சர்வீஸ் மேனுவலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நீளமும் முக்கியம்: 2280 என்றால் 80 மிமீ, 2242 என்றால் 42. அளவு 500 ஜிபி போதும். விண்டோஸ், லைட்ரூமின் கேட்டலாக், பிரிவியூ, கையில் இருக்கும் வேலை ஆகியவை எஸ்எஸ்டியில். முடிந்த ஆர்டர்கள் பழைய டிஸ்க்கில், ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு. எஸ்எஸ்டி நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் விழும், ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள். பழைய டிஸ்க்கை எஸ்எஸ்டிக்கு அப்படியே குளோன் செய்யும் முன் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ரெகவரி கீயை வேறிடத்தில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் புது டிஸ்க் பூட் ஆகும்போது அந்தக் கீயைக் கேட்டு நிற்கும்.

அடுத்தது ரேம். 24 மெகாபிக்சல் படம் 6000 × 4000 புள்ளி. ஃபோட்டோஷாப்பில் 16 பிட்டில் திறந்தால் ஒரு லேயருக்கு மட்டும் 144 மில்லியன் பைட், அதாவது ஏறக்குறைய 137 எம்பி. ஸ்கின் ரீடச்சுக்கு நாலு லேயர் காப்பி போட்டால் அரை ஜிபியைத் தாண்டிவிடும். ஹிஸ்டரி தனிக் கணக்கு. பின்னால் லைட்ரூமும் பிரவுசரும் திறந்திருந்தால் 8 ஜிபி எங்கே போதும்? 16-க்குப் போங்கள். 32 என்பது பனோரமா ஒட்டுபவர்களுக்கு.

டாஸ்க் மேனேஜர் காட்டும் ஸ்லாட் எண்ணிக்கையை முழுக்க நம்பக்கூடாது. போர்டிலேயே சால்டர் செய்த ரேமையும் சிலவற்றில் ஸ்லாட்டாகவே காட்டும். ஒரே 8 ஜிபி ஸ்டிக் இருந்து பக்கத்து ஸ்லாட் காலியாக இருந்தால் இன்னொரு 8 சேருங்கள். இரட்டைச் சேனலில் (இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில்) ஓடும், உள்ளிருக்கும் கிராஃபிக்ஸுக்கும் நல்லது. 2400 வேகம் உள்ள மெஷினில் 3200 ஸ்டிக் வேலை செய்யும், 2400-இல்தான் ஓடும். அதற்காகக் கூடுதல் காசு தர வேண்டாம். மாட்டும் முன் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். ஸ்டிக்கைச் சாய்த்துச் செருகி, இரு பக்கக் கிளிப்பும் 'டிக்' என்று பிடிக்கும்வரை கீழே அழுத்துங்கள். திரை கறுப்பாகவே நின்றால் பெரும்பாலும் ஸ்டிக் முழுசாக உட்காரவில்லை.

கிராஃபிக்ஸ் சிப்பை மாற்ற வழியில்லை, பெரும்பாலும் போர்டோடு சேர்ந்தே வரும். லைட்ரூமின் ஏஐ டினாய்ஸ் (படத்தின் புள்ளி இரைச்சலை நீக்கும் வசதி) அதை நம்பித்தான் ஓடுகிறது, ஆகவே ரேம் எவ்வளவு போட்டாலும் அது நிமிடக்கணக்கில் இழுக்கும். தேவையான பத்துப் படத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

மிச்சக் காசைத் திரையில் போடுங்கள். பட்ஜெட் லேப்டாப் பேனல்கள் பல 45% என்டிஎஸ்சி (நிற அளவுகோல்களில் ஒன்று), அதாவது வழக்கமான நிற அளவான எஸ்ஆர்ஜிபியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு நிறம்தான். கூறைப்புடவையின் சிவப்பு அதில் வெளுத்துத் தெரியும், சாச்சுரேஷனை ஏற்றுவோம், ஆல்பம் பிரிண்ட் ஆகி வந்தால் புடவை மடிப்பே தெரியாமல் ஒரே சிவப்புத் திட்டாக இருக்கும். பேனலையே மாற்றுவதென்றால் 30 பின்னா 40 பின்னா, பிராக்கெட் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். 99% எஸ்ஆர்ஜிபி உள்ள 24 இன்ச் ஐபிஎஸ் மானிட்டரை எச்டிஎம்ஐயில் மாட்டுவது சுலபம். லேப்டாப் போனாலும் மானிட்டர் கூட வரும், எஸ்எஸ்டியும் வரும். டிடிஆர்4 ரேம் புது டிடிஆர்5 மெஷினுக்கு வராது.

அதனால்தான் ஏழாம் தலைமுறை, அதற்கும் பழைய இன்டெல் என்றால் ரேமுக்குச் செலவழிக்கத் தயங்குவது நல்லது. அவற்றின் யு வரிசை (மின்சாரம் குறைவாக எடுக்கும் லேப்டாப் வகை) சிபியுவில் இரண்டே கோர். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது, விண்டோஸ் 11 இந்தப் பழைய சிபியுக்களில் அநேகமாக எதையும் ஏற்காது.

புது ரேம் போட்ட அன்று இரவே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும், ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.