கோதுமை வேர் நோய்: கோடைத் தரிசில் செய்ய வேண்டியவை

தெற்கு ஆஸ்திரேலியாவின் ஐர் தீபகற்பம் போன்ற மானாவாரிப் பகுதிகளில் கோதுமை ஏப்ரல் பிற்பகுதி முதல் ஜூன் வரை விதைக்கப்பட்டு, நவம்பர், டிசம்பர் மாதங்களில் அறுவடையாகிறது. இடைப்பட்ட கோடையில் நிலம் சும்மா கிடப்பதாகத் தோன்றினாலும், அடுத்த பயிரின் வேரைத் தாக்கும் பூஞ்சைகள் பெருகுவதும் மடிவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

முதலில் எதிரி யார் என்று தெரிய வேண்டும். பயிரில் திட்டுத்திட்டாகக் குட்டையான இடங்கள் தெரிந்து, வேர் நுனிகள் பழுப்பேறி ஈட்டிபோல் கூர்ந்திருந்தால் அது ரைசோக்டோனியா என்ற பூஞ்சை நோய். வேரின் உட்பகுதியும் தண்டின் அடியும் கறுத்து, மணி பிடிக்காத வெண்கதிர்கள் நின்றால் அது டேக்-ஆல் என்ற வேறொரு பூஞ்சை நோய். அறுவடைக்குப் பிறகு இந்த அடையாளங்களைத் தேடுவது கடினம் என்பதால், விதைப்புக்கு முன் மண்ணிலுள்ள பூஞ்சையின் டிஎன்ஏவை அளக்கும் பிரெடிக்டா பி பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது.

இரண்டுக்கும் பொதுவான வேலை களையெடுப்பு. கோடை மழையில் முளைக்கும் புற்களும் தானாக முளைத்த கோதுமையும் பூஞ்சைக்கு ஒரு பருவத்திலிருந்து அடுத்த பருவத்துக்குப் பாலமாகின்றன. களைக்கொல்லி தெளித்த கையோடு விதைப்பதே பலர் செய்யும் தவறு; மடிந்துகொண்டிருக்கும் களை வேர்களில் ரைசோக்டோனியா ஓங்கி வளர்ந்து, முளைக்கும் பயிருக்குத் தாவிவிடும். ஆகவே தெளிப்புக்கும் விதைப்புக்கும் இடையே குறைந்தது இரண்டு, மூன்று வாரங்களாவது விட வேண்டும். களையில்லாத ஈர மண்ணில் மற்ற நுண்ணுயிர்கள் பெருகி இப்பூஞ்சையை ஒடுக்குவதால், கோடை மழை பெய்த ஆண்டில் களை ஒழிப்பின் பலன் இரட்டிப்பாகும். வறண்ட கோடையில் பூஞ்சை அப்படியே தங்கிவிடும்.

மாற்றுப் பயிரில்தான் இரண்டு நோய்களும் பிரிகின்றன. ஓட்ஸை டேக்-ஆல் பூஞ்சையின் கோதுமை வகை பொதுவாகத் தாக்குவதில்லை, ரைசோக்டோனியா தாக்கும். வாற்கோதுமையோ இரண்டுக்கும் விருந்து. புல் இல்லாமல் வளர்த்த கனோலா (கடுகு இனத்து எண்ணெய்வித்துப் பயிர்) இரண்டு நோய்களையும் தணிக்க ஏற்ற மாற்றுப் பயிர். அதில் புல்லை வளரவிட்டால் மாற்றுப் பயிர் செய்ததன் பயனே போய்விடும். அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு தேவையெனில், அதையும் கனோலாவுக்கு முன்பே இட வேண்டும். கோதுமைக்குச் சற்று முன் இட்டால் டேக்-ஆல் கூடக்கூடும்.

உழவைப் பொறுத்தவரை, ரைசோக்டோனியா மேல்மண்ணிலேயே மிகுதியாக இருப்பதால், விதைக்கும்போது விதைக்குக் கீழே 5 முதல் 10 செ.மீ. வரை மண்ணைக் கிளறும் கொழு போதும். நிலம் முழுவதையும் புரட்ட வேண்டியதில்லை. அரிதாளை எரிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேர்த்தூரில் தங்கியிருக்கும் டேக்-ஆலை நெருப்பு முழுமையாக எட்டாது. அதோடு, அடிலெய்டுக்கு வடக்கேயுள்ள ஏவன் என்ற ஊரின் நீண்டகாலச் சோதனை வயலில் ரைசோக்டோனியா 1980களில் போகப்போகத் தணிந்ததற்கு, தாள் மட்கி நுண்ணுயிர்களுக்கு உணவானது ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. நோயை இப்படி ஒடுக்கும் மண் உருவாக ஐந்து முதல் பத்து ஆண்டுகள் பிடிக்கலாம்; அதுவரை களையெடுப்பையும் பயிர் மாற்றத்தையும் கைவிடக்கூடாது.