சிங்கப்பூரில் உள்ளூர் நண்பர் வீட்டுக்கு விருந்தாளியாகச் செல்பவர்களுக்கு

சிங்கப்பூருக்குச் சுற்றுலா வருபவர்கள் பெரும்பாலும் மரீனா பே, செந்தோசா, முஸ்தஃபா என்று சுற்றிவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் சாப்பாட்டு மேசையில் உட்காரும் வாய்ப்பு சிலருக்குத்தான் அமைகிறது. உடன் படித்தவர், வேலையிடத்தில் பழகியவர், தூரத்து உறவினரின் நண்பர் என்று யார் மூலமாகவோ அந்த வாய்ப்பு உங்களுக்கு வந்திருந்தால், அழைப்பவருக்கு உங்கள் வருகையை எளிதாக்கிக் கொடுப்பதே உங்கள் முதல் வேலை. இங்கே பெரும்பாலான வீடுகளில் கணவன், மனைவி இருவருமே வேலைக்குச் செல்கிறார்கள். பிள்ளைகளுக்கு வார இறுதியிலும் துணைப்பாட வகுப்பு இருக்கும். “எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்” என்று அவர்கள் சொல்வது அன்பினால்தான் என்றாலும், அதை நம்பி முன்னறிவிப்பின்றிப் போய் நிற்கக் கூடாது. பயணத் தேதி முடிவானதும் உங்களுக்கு ஒத்துவரும் இரண்டு மூன்று நாள்களைக் குறிப்பிட்டு வாட்ஸ்அப்பில் எழுதி, நாளையும் நேரத்தையும் அவர்களே தேர்ந்தெடுக்க விடுங்கள்.

நண்பரின் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவருடைய முழு முகவரியையும் விமானம் ஏறுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை நீங்கள் வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் இணையத்தளத்தில் நிரப்ப வேண்டும். அதில் தங்குமிட விவரமும் கேட்கப்படும். இந்த அட்டைக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையத்தளம் எதையும் நம்பாதீர்கள். அடுக்குமாடிக் கட்டடம் ஒவ்வொன்றுக்கும் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு தனியாக உண்டு என்பதால், அந்தக் குறியீட்டைச் சொன்னாலே டாக்சி ஓட்டுநர் சரியான புளோக்கின் வாசலில் இறக்கிவிடுவார். அதன் பிறகு தேவைப்படுவது மாடி எண்ணும் வீட்டு எண்ணும் மட்டுமே.

தங்குவதற்கு வாடகையாக ஏதாவது தருகிறேன் என்று நண்பரிடம் பேச்செடுக்க வேண்டாம். அது மரியாதைக் குறைவாகப் படும் என்பது ஒருபுறம் இருக்க, சட்டச் சிக்கலும் அதில் உண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளை, அதாவது இங்கே எல்லாரும் ‘வீவக வீடு’ என்று சொல்லும் வீடுகளை, ஆறு மாதத்துக்குக் குறைவாகவும் தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விட அனுமதியில்லை. கைமாறு செய்ய விரும்பினால் ஒருநாள் அவர்கள் எல்லாரையும் வெளியே சாப்பிட அழைத்துச் செல்லுங்கள். உணவகக் கட்டணத்தில் 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் பல இடங்களில் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் சேரும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது பெட்டியில் என்ன கொண்டுவருவது என்பது. துவரம்பருப்பு, புளி, அப்பளம், சாம்பார்ப்பொடி எல்லாமே இந்தியக் கடைகள் நிறைந்த தேக்கா வட்டாரத்தில் கிடைக்கின்றன. அவற்றைச் சுமந்துவந்து எடையை வீணாக்க வேண்டாம். உங்கள் ஊருக்கே உரிய பண்டங்களுக்குத்தான் இங்கே மதிப்பு: கோவில்பட்டிக் கடலைமிட்டாய், மணப்பாறை முறுக்கு, உடன்குடிக் கருப்பட்டி, வீட்டில் இட்ட வடகம். ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. குருமாவுக்கு அரைக்க நாம் சாதாரணமாக வாங்கும் கசகசா, மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் முன் அனுமதி இல்லாமல் சிங்கப்பூருக்குள் வரக் கூடாத பொருள். அம்மா பாசத்தோடு கட்டிக்கொடுத்த மசாலாப் பொட்டலத்துக்குள்ளும் அது கலந்திருக்கலாம் என்பதால் புறப்படும் முன் அவரிடமே கேட்டுவிடுங்கள். சூயிங்கம், வாயில் போட்டு மெல்லும் புகையிலை, மின்சிகரெட் ஆகியவற்றுக்கும் தடை உண்டு. சிகரெட்டுக்கு வரிவிலக்கு அறவே இல்லை. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு முன் அனுமதி தேவையா என்பதை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வீவக கட்டடங்களில் மின்தூக்கியை விட்டு வெளியே வந்தால் நீண்ட பொது நடைபாதை இருக்கும். அதை ஒட்டி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஓர் இரும்புக் கதவு, அதன் பின்னால் மரக்கதவு. இரும்புக் கதவுக்கு வெளியிலேயே காலணி அடுக்கு வைத்திருப்பார்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர் எவர் வீடானாலும் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நடைபாதை பொது வழி என்பதால் காலணியைச் சுவரோரமாக ஒதுக்கி வையுங்கள். இல்லப் பணிப்பெண் கதவைத் திறந்தால் அவருக்கும் வணக்கம் சொல்லுங்கள். “ஒரு காப்பி கொண்டுவாம்மா” என்று நீங்களாக அவருக்கு வேலை ஏவக் கூடாது. எது வேண்டுமானாலும் வீட்டாரிடம் கேட்பதே முறை.

உள்ளூர்த் தமிழர் வீட்டில் பேச்சு எங்கே தடம் மாறும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மொழி ஒன்றாக இருப்பதாலேயே மற்ற எல்லாமும் ஒன்றுதான் என்ற எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. “உங்களுக்குச் சொந்த ஊர் எது?” என்ற கேள்வி தமிழ்நாட்டில் பேச்சைத் தொடங்கும் வழி, இங்கேயோ மூன்று, நான்கு தலைமுறைகளாக வாழும் குடும்பத்துக்குச் சொந்த ஊர் சிங்கப்பூர்தான். “அதில்லை, அதுக்கு முன்னாடி?” என்று அடுத்த கேள்வியைப் போட்டால் சாதியைத் துருவுவதாகவே எடுத்துக்கொள்வார்கள், அது பல சமயம் உண்மையாகவும் இருந்துவிடுகிறது. தாத்தா, பாட்டி எந்த மாவட்டத்திலிருந்து கப்பலேறி வந்தார்கள் என்பதை அவர்களாக விரும்பிச் சொன்னால் ஆர்வத்தோடு கேளுங்கள். அதைவிட நல்ல கதை வேறு கிடைக்காது. “பரவாயில்லையே, தமிழ் நன்றாகப் பேசுகிறீர்களே!” என்ற பாராட்டும் தவிர்க்க வேண்டியது. தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. தமிழ் மாணவர்கள் பள்ளியில் அதைத் தாய்மொழிப் பாடமாகப் படிக்கிறார்கள். ஆனாலும் பல வீடுகளில் பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள். அதைக் குறை கூறி அவர்களின் பெற்றோரைச் சங்கடப்படுத்தாமல், நீங்கள் நிதானமாகத் தமிழிலேயே பேசிக்கொண்டிருங்கள். சற்று நேரத்தில் அவர்களும் தமிழில் பதில் சொல்லத் தொடங்குவார்கள். சம்பளம், வீட்டின் விலை, ‘இன்னும் ஏன் கல்யாணம் ஆகவில்லை’ போன்ற கேள்விகளையும் ஒதுக்கிவைக்கலாம். வீட்டின் விலையை மட்டும் சில நேரம் அவர்களே சொல்லிவிடுவார்கள், இந்நாட்டில் அது எல்லாருக்கும் பிடித்த பேச்சு.

சாப்பாட்டில் உங்களுக்கு உள்ள கட்டுப்பாடுகளை அழைப்பை ஏற்கும்போதே சொல்லிவிட வேண்டும், மேசைக்கு வந்த பிறகு சொன்னால் சமைத்தவர் நொந்துபோவார். “நான் சைவம்” என்று மட்டும் சொல்வது மலாய், சீன நண்பர்களுக்குப் போதாது. முட்டை சேருமா, வெங்காயம் பூண்டு ஆகுமா, மீன் கலந்த குழம்பு கூடாதா என்று பிரித்துச் சொல்லுங்கள். சீன பௌத்தர்களின் சைவத்தில் வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை. அதே நேரம் சாதாரணச் சீனச் சமையலில் கீரைப் பொரியலுக்குக்கூடச் சிப்பிச் சாறு ஊற்றுவது உண்டு. சம்பால் என்ற மலாய் மிளகாய்த் துவையலில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். ரெண்டாங் என்ற மலாய்க் கறி பெரும்பாலும் மாட்டிறைச்சியில் செய்யப்படுவது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் அதை முன்பே தெரிவித்தால் கோழி ரெண்டாங் செய்துவிடுவார்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பல இனத்தவரும் ஒரே மாடியில் குடியிருக்கும் ஊர் இது, இப்படிப்பட்ட கேள்விகள் இவர்களுக்குப் பழகிப்போனவை.

மலாய் நண்பர் வீட்டுக்கு உங்கள் சமையலறையில் செய்ததைக் கொண்டுபோவதைவிட, ஹலால் முத்திரையுள்ள பண்டத்தைப் பிரிக்காமல் அப்படியே தருவது அவர்களின் தர்மசங்கடத்தைத் தவிர்க்கும். கைகுலுக்கும்போது மெல்லப் பற்றிவிட்டு அந்தக் கையை மார்பில் வைப்பது அவர்கள் வழக்கம். எதிர்பாலினத்தவரிடம் நீங்களாகக் கையை நீட்டாமல் புன்னகையோடு தலையசைத்தால் போதும். பெரியவர்களில் பெண்களை ‘மக்சிக்’ (அத்தை), ஆண்களை ‘பக்சிக்’ (மாமா) என்று அழைத்தால் முகம் மலர்ந்துவிடும். பரிமாறியதில் சிறிதளவாவது சுவையுங்கள், வலக்கையால். நோன்பு மாதத்தில் நோன்பு துறக்க அழைத்திருந்தால் சூரியன் மறைவதற்கு முன்பே, அதாவது மாலை ஆறரை மணி வாக்கில் அங்கே இருக்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் பொழுது சாய்கிறது.

சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரவு விருந்து குடும்பத்தாருக்கு உரியது; வெளியாரின் வருகை முதல் நாளிலிருந்துதான் தொடங்கும். அன்று வெறுங்கையோடு போகக் கூடாது. இரண்டு மாண்டரின் ஆரஞ்சுப் பழங்களை இரு கைகளாலும் ஏந்தி வீட்டின் மூத்தவரிடம் முதலில் கொடுத்து வாழ்த்துச் சொல்லுங்கள். நீங்கள் கிளம்பும்போது வேறு இரண்டு பழங்களை அவர்கள் உங்கள் கையில் தருவார்கள், வேண்டாம் என்று மறுக்காதீர்கள். கறுப்பு ஆடையைத் தவிர்த்து, சிவப்போ வேறு பளிச்சென்ற நிறமோ உடுத்துங்கள். கடிகாரத்தைப் பரிசாகத் தருவது எந்த நாளிலும் ஆகாது, அது இறப்பைக் குறிப்பதாகச் சீனர்கள் கருதுகிறார்கள். பிள்ளைகளுக்கு உறையில் பணம் தரும் அங்பாவ் வழக்கம் சீனரோடு நிற்காமல் நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் பரவிவிட்டது. ஆதலால் பண்டிகைக் காலத்தில் வருபவர்கள் சில புதிய நோட்டுகளை வைத்திருப்பது நல்லது. தொகையில் நான்கு என்ற எண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவு தங்குபவர்களுக்குச் சில வீட்டு நடைமுறைகள். குளியலறைக்கு வெளியே சுடுநீர்ச் சாதனத்தின் விசை இருக்கும். குளித்து முடித்ததும் அதை அணைத்துவிடுங்கள். வாளியில் தண்ணீர் பிடித்து வைக்கும் நம் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வீடுகளுக்கே வந்து சோதிக்கிறார்கள், கொசுப்புழு இருந்தால் அபராதம் உங்கள் நண்பருக்குத்தான். குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமலே குடிக்கலாம். சுவர்கள் ஒட்டியிருப்பதால் இரவு பத்து மணிக்கு மேல் தொலைபேசியில் உரக்கப் பேசுவதும் காணொளியைச் சத்தமாக ஓடவிடுவதும் அண்டை வீட்டாரின் புகாரில் போய் முடியும்.

காலையில் அவர்கள் உங்களை உணவங்காடி நிலையத்துக்கு, அதாவது பல சிறு உணவுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்துக்கு, அழைத்துச் சென்றால், சாப்பிட்ட தட்டை அதற்குரிய இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 முதல் இது கட்டாயம். மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் மட்டும் கிடந்தால் அந்த இடத்தை ஒருவர் பிடித்துவைத்திருக்கிறார் என்று பொருள். நண்பர் வீட்டுக்குக் கடும் வாசனையுள்ள டுரியான் பழம் வாங்கிப் போக ஆசைப்பட்டால் பெருவிரைவு ரயிலில் அதற்கு இடமில்லை, டாக்சி ஓட்டுநரும் முகம் சுளிப்பார். அவர்களோடு கடைக்கே போய் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவதுதான் உத்தமம்.

விருந்து முடிந்து கிளம்பும்போது கடைசி ரயில் நள்ளிரவு வாக்கில் போய்விடும் என்பதையும், வீட்டார் மறுநாள் விடியலில் எழ வேண்டியவர்கள் என்பதையும் நினைவில் கொண்டு பத்து மணிக்கெல்லாம் விடைபெறுங்கள். எடுத்த படங்களை அவர்களுக்கு அனுப்பிவையுங்கள். பிள்ளைகள் இருக்கும் படங்களைப் பெற்றோரிடம் கேட்காமல் ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். ஊருக்குத் திரும்பிய பின் அவர்களை நீங்கள் அழைக்கும்போது, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களும் இந்தியாவுக்கு வர விசா எடுக்க வேண்டும் என்பதால், பொங்கல், திருவிழா, கல்யாணம் எதுவானாலும் தேதியை முன்னதாகவே தெரிவித்துவிடுங்கள். பள்ளி விடுமுறை இங்கே ஜூனிலும், நவம்பர் பிற்பகுதி தொடங்கி டிசம்பர் முடியவும்தான் நீண்டு வரும். பிள்ளைகளோடு வரச் சொல்வதானால் அந்த மாதங்களையே கேளுங்கள்.