பந்தயச் செயலிக்கு மாநில உரிமம்: வாதத்தில் நாம் செய்யும் தவறுகள்

ஐபிஎல் தொடங்கிவிட்டால் எங்கள் புளியந்தோப்புப் படிப்பகத்தில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். "அமெரிக்காவில் மாநிலம் மாநிலமாகப் பந்தயச் செயலிக்கு உரிமம் கொடுத்து வரி வாங்குகிறார்கள். நாமும் அதையே செய்தால் என்ன, அண்ணா?" நியாயமான கேள்வி. 2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்பட்ட பிறகும் மூன்று நம்பர் லாட்டரியும் காட்டன் சூதாட்டமும் வடசென்னைச் சந்துகளில் ஓடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் கேட்பது இது. தடை மட்டும் போதாது என்று அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் கேள்வியிலிருந்து விடைக்குப் போகும் வழியில் சறுக்கும் இடங்கள் பல.

முதல் சறுக்கல் கணக்கில். இத்தனை ஆயிரம் கோடிக்குப் பந்தயம் நடந்தது என்று செய்தி வந்தால், அது முழுவதும் வருமானம் என்று எண்ணிவிடுகிறோம். ஒரு பையன் செயலியில் 1,000 ரூபாய் போடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். கொஞ்சம் ஜெயிக்கிறான், கொஞ்சம் தோற்கிறான், மிஞ்சியதை மறுபடி மறுபடி வைக்கிறான். மொத்தம் 10,000 ரூபாய்க்குப் பந்தயம் கட்டி முடிக்கும்போது கணக்கில் ஒன்றும் இல்லை. பந்தயத் தொகை 10,000. நிறுவனத்திடம் நின்றது 1,000. நியூயார்க் மாநிலம் இப்படி நின்ற பணத்தில் 51 சதவீதம் வரி வாங்குகிறது, அதாவது 510 ரூபாய். டென்னசி 2023 ஜூலை முதல் பந்தயத் தொகையின் மீதே 1.85 சதவீதம் வாங்குகிறது. அங்கே இதே பையனால் கிடைப்பது 185 ரூபாய். நம் நாட்டில் 2023 அக்டோபர் 1 முதல், செயலியில் போட்ட பணத்தின் முழு மதிப்புக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி விதித்தார்கள். எந்தத் தொகைக்கு வரி என்று கேட்காமல் சதவீதங்களை மட்டும் அருகருகே வைத்துப் பேசுவது வீண்.

அந்த 510 ரூபாய்க்கும் 185 ரூபாய்க்கும் ஊற்று ஒன்றே: பையன் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டிய 1,000 ரூபாய். அது காசிமேட்டில் மீன் கூடை சுமந்து வந்த கூலியாக இருக்கலாம், துறைமுகத்தில் லாரி ஓட்டிய பேட்டாவாக இருக்கலாம். ஆட்கள் எவ்வளவு தோற்கிறார்களோ அவ்வளவுதான் கஜானா நிரம்பும். பிறகு அரசுக்கே அந்தப் பணம் பழகிவிடும் என்பதுதான் என் பெரிய பயம். ஒஹாயோவில் 2023 ஜனவரி 1 அன்று 10 சதவீத வரியோடு தொடங்கினார்கள். அதே ஆண்டு ஜூலையில் அது 20 ஆனது.

அடுத்து, "கிண்டியில் குதிரைப் பந்தயம் நடக்கவில்லையா?" என்ற வாதம். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் கிண்டிக்குப் போக பீச் ஸ்டேஷனில் ரயில் ஏற வேண்டும். பந்தயம் முடிந்தால் வாசலை மூடிவிடுவார்கள். கையிருப்பு தீர்ந்தால் வீடு திரும்பியாக வேண்டும். கைபேசிக்கு வாசல் கிடையாது. அடுத்த பந்து சிக்ஸரா, விக்கெட்டா என்று நொடிக்கு நொடி பந்தயம் கட்டலாம். குடும்பம் உறங்கிய பிறகு போர்வைக்குள்ளும் கட்டலாம். அதனால் ஒழுங்குமுறை என்று யார் பேசினாலும் நேரத்துக்கும் கடனுக்கும் என்ன வரம்பு என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். தமிழ்நாட்டின் 2025 விதிமுறைகள், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை நிறுத்தச் சொல்லின. சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. மாசசூசெட்ஸில் கிரெடிட் கார்டால் பந்தயம் கட்ட முடியாது. உரிமக் கட்டணத்தைவிட இத்தகைய விதிகளே எனக்கு முக்கியம்.

திறமையா, அதிர்ஷ்டமா என்ற சண்டையில் மாலை முழுவதையும் தொலைப்பது இன்னொரு தவறு. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. திறமையாக ஆடுபவனும் வாடகைப் பணத்தை இழக்கிறான்.

அமெரிக்க வரைபடத்தை அப்படியே இங்கே ஒட்டுவதும் சரிவராது. அங்கே மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிப்பதைத் தடுத்த 1992-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2018 மே 14 அன்று ரத்து செய்ததால் முடிவு மாநிலங்களின் கைக்குப் போனது. இங்கே காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 34-ஆவது இனமாகப் பந்தயமும் சூதாட்டமும் இருந்தாலும், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் இணையப் பண விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. கோட்டையில் இருப்பவர்கள் மனது வைத்தால் நாளையே உரிமம் கொடுத்துவிடலாம் என்பது தவறான நினைப்பு. அமெரிக்காவிலும் எல்லோரும் தலையாட்டவில்லை. கலிபோர்னியா வாக்காளர்கள் 2022 நவம்பரில் இரண்டு பந்தய முன்மொழிவுகளைத் தோற்கடித்தார்கள்.

மாநில எல்லை எவ்வளவு மெல்லியது என்பதையும் மறந்துவிடுகிறோம். 2022 ஜனவரியில் நியூயார்க் கைபேசிப் பந்தயத்தைத் தொடங்கும்வரை, அந்த ஊர்க்காரர்கள் பாலத்தைக் கடந்து நியூ ஜெர்சி மண்ணில் நின்று பந்தயம் கட்டிவிட்டுத் திரும்பினார்கள். திருவொற்றியூரில் ரயில் ஏறினால் கும்மிடிப்பூண்டி தாண்டி சூளூர்ப்பேட்டையில் ஆந்திர மண்ணில் இறங்கலாம்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, தோற்றவனைக் குற்றவாளியாக மட்டும் பார்ப்பது. இணையச் சூதாட்டத்தைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டத்தில் விளையாடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு; 2025 மத்தியச் சட்டத்தில் விளையாடுபவருக்குத் தண்டனை இல்லை. இந்த வேறுபாடு தெரியாத பையன் வீட்டில் வாய் திறக்க மாட்டான். கடன் செயலியில் வாங்கி இழந்ததை மீட்கப் பார்ப்பான். அந்த நேரத்தில்தான் ஒருவர் வந்து, "உன் வங்கிக் கணக்கை மட்டும் கொடு, மாதம் ஒரு தொகை தருகிறேன்" என்பார். கொடுத்துவிட்டால் பந்தயப் பணம் அவன் பெயரில் ஓடும். காவல்துறை வந்து நிற்பதும் அவன் வீட்டு வாசலில்தான். ஏடிஎம் கார்டையும் சிம்மையும் யாரிடமும் கொடுக்காதே என்று இன்று இரவே உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே தோற்றிருந்தால் எவ்வளவு என்று அதட்டாமல் கேளுங்கள். வீட்டில் சொல்ல முடியாதவர்கள் மத்திய அரசின் மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.